முதலில் எது

பல்லடத்துக்கு மேற்கே, காற்றாலைகளுக்கு நடுவே
எங்கள் பொரிப்பகம்.
இரவு பத்துக்கு நான் உள்ளே வந்தால்
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் முட்டைகளும்
பார்மலின் நெடியும் நானும்தான்.

மணிக்கொரு தரம் நோட்டில் எழுதணும்:
சூடு தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு, ஈரம் இத்தனை.
மிச்ச நேரத்துக்கு
ஆபீஸ் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர்.
புது ஆட்டம் எதைப் போட்டாலும்
மூச்சு வாங்கி, நீலம் பாரித்துச் செத்துவிடும்.
அதனால் பழசுதான்.
உக்கடத்தில் எடைக்கு எடுத்த சிடிகளில்
கீறல் குறைந்தவை மூன்று.

ஒன்று சிறையில் தொடங்குகிறது.
எதற்குப் பிடித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை.
இன்னொன்று, ஊர் எரிந்து முடிந்த பின்.
முதல் பத்து நிமிடம் சாம்பலைக் கிளறிச்
செருப்புத் தேடணும்.
மூன்றாவதற்கு உறையே இல்லை.
மேலே மார்க்கர் பேனாவில்
'நல்லாருக்கும்' என்று மட்டும் யாரோ.

பிரணவேந்திரனைப் போனில் பிடித்தேன்.
காங்கயத்தில் தேங்காய்க் களத்துக்குக் கணக்கெழுதுகிறான்,
மூன்றையும் முடித்தவன்.
"சிறையை மொதல்ல எடுக்காதீங்க,
அது பெருசு, தொலைஞ்சு போயிருவீங்க.
சாம்பல்ல எங்க வேணா சேமிக்கலாம்,
உங்க வேலைக்கு அதுதான் தோது.
மூணாவது வேண்டாமுங்க.
சத்திரத்துக்குப் போனாத்தான் சேமிக்க முடியும்,
சத்திரத்துக்குச் சத்திரம் அரைமணி நடை.
நடுவுல உங்க அலாரம் அடிச்சுதுன்னா
ஓநாய் தின்னுட்டுப் போயிரும்."

குஞ்சு வண்டி டிரைவர் செங்கோடன்
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"எதுல பைக் ஓட்டலாம்?" என்றான்.
எதிலும் இல்லை என்றதும் படுக்கப் போனான்.

சாம்பலைத்தான் போட்டேன்.
செருப்புக் கிடைத்தது. இரண்டும் இடது கால்.
ஒரு மணிக்கு நோட்டு எழுதிவிட்டு வந்து
சும்மா பார்ப்போமே என்று
மூன்றாவதைச் செருகினேன்.

முன்கதை இல்லை, இசை இல்லை.
கறுப்புத் திரையில் எடுத்த எடுப்பிலேயே கேள்வி:
நீ எந்த இனம்?

இதைக் கேட்காத ஊர்
நொய்யலுக்கு இந்தக் கரையிலும் இல்லை
அந்தக் கரையிலும் இல்லை.
வீட்டுக்காரர் சுற்றி வளைத்து வருவார்:
"குலதெய்வம் எந்தூருங்க?"
கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை நேராகவே:
"நீங்க என்ன கூட்டமுங்க?"
அப்பா தண்ணீர் குடிப்பார்.
தாகமில்லாமல் ஒரு மனிதர்
அவ்வளவு தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.
அம்மா என் பக்கம் திரும்பி
"மோர் ஊத்திக்கோ" என்பாள்.

திரையில் வரிசை இருந்தது.
மனிதர். காட்டு மக்கள். மலைக் குள்ளர்.
கடைசியில் ஒரே சொல்: அரை.
அம்பை அதன்மேல் வைத்தால் விளக்கம் விரிகிறது.
இரண்டு பாஷையும் வரும்.
இருட்டில் பாதித் தூரம் கண் தெரியும்.
எவருடைய வாளும் கைக்கு அடங்கும்.
கீழே பொடி எழுத்தில்:
கடைக்காரர்கள் விலை கூட்டிச் சொல்வார்கள்.

சிரித்துவிட்டேன்.
விசிறிகளின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.
செய்தவன் எந்த நாட்டுக்காரனோ,
அவனிடமும் யாரோ
விலை கூட்டிச் சொல்லியிருக்கணும்.

அடுத்தது பெயர். எட்டு எழுத்துக்குத்தான் கட்டம்.
அப்பா பேரின் முதலெழுத்தைத் தட்டினேன்.
பக்கத்திலேயே அம்மாவுடையதை,
பள்ளிக்கூடத்துப் பாரத்தில்
இதற்கு இடமில்லை என்ற அந்த எழுத்தை.
மிச்சம் ஆறு கட்டம்.
வால் வெட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

பனி. ஒற்றையடித் தடம்.
தூரத்தில் ஒரு விளக்கு, சத்திரமாகத்தான் இருக்கணும்.
பாதி வழியில்
இரண்டு மணி அலாரம்.

எழுந்து போய் எழுதினேன்:
தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.
நிதானமாகத்தான் எழுதினேன், அடித்தல் திருத்தல் இல்லாமல்.
திரும்பி வந்தபோது
ஓநாய் வந்துவிட்டுப் போயிருந்தது.

மறுபடியும் கறுப்புத் திரை.
நீ எந்த இனம்?

வாய்விட்டே சொன்னேன்.